ஸ்கேலா, வெர்னியரா, திருகு அளவியா: எந்த அளவுக்கு எந்தக் கருவி?

ஒரு மெல்லிய கம்பியின் விட்டத்தை மூன்று கருவிகளால் அளந்து பார்ப்போம். ஸ்கேலை வைத்தால் ‘அரை மில்லிமீட்டர் இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. 0.1 மி.மீ. மீச்சிற்றளவு (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கொண்ட வெர்னியர் அளவி 0.5 மி.மீ. என்கிறது. திருகு அளவி 0.46 மி.மீ. என்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதில்தான் வேறுபாடு. வெர்னியரில் 0.5 ± 0.1, அதாவது 20 சதவீத நிச்சயமின்மை. திருகு அளவியில் 0.46 ± 0.01, ஏறத்தாழ 2 சதவீதம்.

அதனால் திருகு அளவிதான் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த விட்டத்தை அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். கம்பியின் மின்தடை எண்ணை, அதாவது அதன் பொருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் அங்கே இருமடியாக (விட்டம் × விட்டம்) வருகிறது, அதனால் அதன் சதவீதப் பிழையும் இரட்டிப்பாகிறது. வெர்னியரில் 40, திருகு அளவியில் 4 சதவீதம். அதே சோதனையில் கம்பியின் நீளமும் வேண்டும். ஒரு மீட்டர் நீளத்தைச் சாதாரண ஸ்கேலால் ஒரு மி.மீ. கூடக்குறைய அளந்தாலும் பிழை 0.1 சதவீதம்தான். ஆக, ஒரே கம்பியில் விட்டத்துக்குத் திருகு அளவி கட்டாயம் வேண்டும், நீளத்துக்கு மீட்டர் ஸ்கேலே தாராளம். நீளத்தை இன்னும் நுட்பமாக அளக்க முயல்வது வீண் வேலை.

சரி, ஸ்கேல் திருகு அளவியை முந்தும் இடம் ஏதாவது உண்டா? உண்டு. ஒரு தாளின் தடிமனைத் திருகு அளவியால் அளந்தால் 0.10 ± 0.01 மி.மீ. என்று வரும். அதே வகைத் தாள்கள் 500 கொண்ட கட்டை அழுத்திப் பிடித்து, ஸ்கேலால் உயரத்தை அளந்தால் சுமார் 50 மி.மீ. இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் 500ஆல் வகுக்கும்போது ஒரு தாளுக்கு 0.100 ± 0.001 மி.மீ. என்று ஆகிவிடுகிறது. பத்து மடங்கு நுட்பம், அதுவும் ஸ்கேலால்! ஆனால் கிடைப்பது சராசரித் தடிமன் மட்டுமே. தாள்களுக்கிடையே சிக்கிய காற்றும் அதில் சேர்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட தாளைப் பற்றிக் கேட்டால் திருகு அளவியிடம்தான் போக வேண்டும்.

வெர்னியர் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 1631இல் பியர் வெர்னியர் வெளியிட்ட யோசனைதான் இன்னமும் இதன் அடிப்படை: நகரும் சிறு கோலில் 9 மி.மீ. நீளத்தைப் பத்துப் பிரிவுகளாக்கினால், ஒவ்வொரு பிரிவும் நகராத முதன்மைக் கோலின் 1 மி.மீ. பிரிவைவிட 0.1 மி.மீ. குறைவு. இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே இருக்கிறோம் என்று மதிப்பிடுவதைவிட, இரண்டு கோடுகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று கண்டுபிடிப்பது கண்ணுக்கு எளிது. இந்தக் கருவியின் பலமே அதுதான். சோதனைக் குழாயின் உள்விட்டம், பாத்திரத்தின் ஆழம் இரண்டையும் இதே கருவியால் அளக்கலாம். வகுப்பறைத் திருகு அளவியால் அது முடியாது.

திருகு அளவியிடம் இருக்கும் ஆபத்து வேறு மாதிரியானது. ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் திருகு, திருகோடு சுழலும் தலைக்கோலில் 100 பிரிவுகள், ஆக மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இடையில் எதையும் வைக்காமல் கருவியின் வாயை முழுக்க மூடிப் பாருங்கள். தலைக்கோலின் சுழி (0), நகராத கோலின் அடிக்கோட்டுக்குக் கீழே போய், மூன்றாவது பிரிவு கோட்டோடு பொருந்தினால் சுழிப்பிழை +0.03 மி.மீ. அப்போது நம் கம்பியின் 0.46 உண்மையில் 0.43. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் விட்டத்தில் 7 சதவீதம், பரப்பில் 14 சதவீதம். பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது போகாது, பத்து முறையும் அதே திசையில்தான் தவறும். திரும்பத் திரும்ப ஒரே எண் வருவது நுட்பம், அந்த எண் உண்மையான அளவுக்கு அருகில் இருப்பது துல்லியம். சுழிப்பிழையைக் கவனிக்காதவரிடம் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. அப்புறம், ராட்செட்டை (போதிய அழுத்தம் வந்ததும் வழுக்கிச் சுழலும் குமிழை) விட்டுவிட்டுத் தலையைப் பிடித்து இறுக்கினால் மென்மையான பொருள் நசுங்கி, அளவும் குறைந்துவிடும்.

டிஜிட்டல் வெர்னியரை எங்கே வைப்பது? திரையில் 0.01 மி.மீ. வரை காட்டும். ஆனால் வழக்கமான 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரின் பிழை வரம்பு ±0.02 மி.மீ. அளவில் இருக்கும். திரையின் கடைசி இலக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. வேகம் உண்டு, பட்டனைத் தட்டிச் சுழியாக்கும் வசதி உண்டு, பார்வைக் கோணத்தால் வரும் இடமாறு தோற்றப் பிழை இல்லை. ஆனாலும் கற்றுக்கொள்ளும் வகுப்புக்கு நான் இதை முதலில் கொடுக்க மாட்டேன். கோடுகளைப் பார்த்து அளவெடுக்கும் மாணவருக்கு ‘இதற்கு மேல் எனக்குத் தெரியாது’ என்கிற எல்லை கண்ணெதிரே தெரிகிறது. திரை அந்த எல்லையை மறைத்துவிடுகிறது.

நேரத்தை அளப்பதில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். டிஜிட்டல் நிறுத்துக் கடிகாரம் 0.01 நொடி காட்டும், அழுத்தும் விரலோ 0.1 முதல் 0.2 நொடி வரை தடுமாறும். ஒரு மீட்டர் நீளத் தனி ஊசல் ஓர் அலைவுக்குச் சுமார் 2 நொடி எடுக்கும். ஒரே அலைவை அளந்தால் 0.2 நொடித் தடுமாற்றம் 10 சதவீதப் பிழை. இருபது அலைவுகளுக்குச் சேர்த்து 40 நொடி அளந்தால் அரை சதவீதம். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது காலம் இருமடியாக வருவதால் அது 1 சதவீதமாகும், அவ்வளவுதான். 0.1 நொடி மட்டும் காட்டும் பழைய முள் கடிகாரத்தை வைத்தும் இதே முடிவுக்கு வரலாம்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு சிறு குண்டைக் கீழே போட்டு, அது விழும் நேரத்தை அளக்கும்போது கதை மாறுகிறது. மொத்தமே 0.45 நொடிதான். இருபது விழுதல்களைச் சேர்த்து ஒன்றாக அளக்கவும் வழியில்லை. விரல் 0.1 நொடி தடுமாறினாலே 20 சதவீதத்துக்கு மேல் பிழை. பொருள் ஒளிக்கற்றையை மறிக்கும் கணத்தைத் தானே பதிவு செய்யும் மின்னணு ஒளிக்கதவு இங்கே ஆடம்பரமே இல்லை. ஆய்வகத்துக்கு ஒரே ஒரு மின்னணுக் கருவி வாங்கலாம் என்றால், டிஜிட்டல் வெர்னியரை விட்டுவிட்டு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கன அளவுக்கு வந்தால், முகவையின் (பீக்கரின்) கோடுகள் 5 சதவீதம் வரை தவறக்கூடியவை, கலக்கவும் சூடாக்கவும்தான் அது. 100 மி.லி. அளவு ஜாடி தரத்தைப் பொறுத்து அரை அல்லது ஒரு மி.லி. பிழையோடு நிற்கும். தரம்பார்த்தலுக்கு, அதாவது நிறம் மாறும்வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதற்கு, அடியில் திறப்பானும் பக்கத்தில் அளவுக் கோடுகளும் உள்ள நீண்ட குழாயான பியூரெட்தான். ஆனால் பியூரெட்டில் தொடக்கம், முடிவு என இரண்டு அளவீடுகள் உண்டு, இரண்டிலும் 0.05 மி.லி. தவறினால் சேர்ந்து 0.1 மி.லி. ஆகலாம். 20 மி.லி. செலவானால் அது அரை சதவீதம், 5 மி.லி. மட்டும் செலவானால் 2 சதவீதம். அப்படி 5 மி.லி.யிலேயே நிறம் மாறிவிட்டால் பியூரெட்டைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கும் கரைசலைத் தெரிந்த விகிதத்தில், நான்கு மடங்குக்கு நீர்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.