நாலு வருஷம் கார்பன் டியூப்ல ராக்கெட் விட்டவனோட பொலம்பல்

போன வாரம் கராஜ்ல உக்காந்து என் ஹாபி ராக்கெட்டோட ஒடஞ்ச ஃபின்ன (வால் பக்கத்து சிறக) திரும்ப ஒட்டிக்கிட்டு இருந்தேன், அந்த நேரம் பாத்து பிரெண்ட் மெசேஜ் பண்றான், "மச்சி லெவல் 2 பாஸ் பண்ணிட்டேன், அடுத்தது கார்பன் டியூப்தான், நீ நாலு வருஷமா வச்சிருக்கியே எப்டி இருக்கு?"ன்னு. லெவல் 2ன்னா பெரிய மோட்டார் வச்ச ராக்கெட் விடறதுக்கான சர்டிஃபிகேட், கார்பன் டியூப்னா கார்பன் ஃபைபர்ல செஞ்ச ராக்கெட் ஒடம்புக் கொழாய். 2024ல யூஎஸ்சி காலேஜ் பசங்க நெவாடால இருக்கற பிளாக் ராக் பாலைவனத்துலேந்து 4,70,000 அடி ஏத்துனத பாத்ததுலேந்து இவனுக்கு இதே நெனப்பு. எனக்கு ஒரு கைல எபாக்ஸி, இன்னொரு கை கட்டைவிரல் நகத்துக்கடில கருப்பா ஒரு சிலாம்பு. "வாங்காத"ன்னு ஒத்த வார்த்த அனுப்பிட்டு போன கவுத்துட்டேன். கோவத்துல சொன்னது, அதான் இங்க பொறுமையா எழுதறேன்.

என்னுது 54 எம்எம் மினிமம் டயாமீட்டர், அதாவது மோட்டார் கேஸ் நேரா டியூபுக்குள்ளயே போயிடும். மூணு அடி டியூப், கிச்சன் தராசுல வச்சா 240 கிராம். அதே நீளத்துக்கு ஃபைபர்கிளாஸ் 450 வந்துச்சு. அரை லிட்டர் பால் பாக்கெட்ல பாதி கூட இல்லாத ஒரு கொழாய் கே மோட்டார (லெவல் 2 இருந்தாத்தான் விட முடியற சைஸ்) வச்சுக்கிட்டு சத்தத்தோட வேகத்த தாண்டி போயிட்டு வருதுன்னா அத கொற சொல்ல மனசு வராது. கலிஃபோர்னியால லூசர்ன் டிரை லேக்ங்கற காஞ்ச ஏரில ஒருவாட்டி டிரோக் (மொதல்ல விரியற சின்ன பாராசூட்) லேட்டா தொறந்து கெவ்லர் கயிறு ஒரே சுண்டு சுண்டுச்சு, அட்ட டியூபா இருந்தா ஜிப்பர் மாதிரி பொளந்துருக்கும், இதுல பெயின்ட் மட்டும்தான் போச்சு.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். கார்பன் கரண்ட கடத்தும். அதனால ராக்கெட் எங்க விழுந்துச்சுன்னு சொல்ற ட்ராக்கர உள்ள வச்சா அது தகர டப்பாக்குள்ள போன் வச்ச கததான், ஜிபிஎஸ் சிக்னலும் உள்ள வராது, 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோல அது கத்தறதும் வெளிய கேக்காது. இது எனக்கு தெரியாதுன்னு இல்ல, எல்லாரும் சொன்னாங்க, நான்தான் ஆண்டெனா வால மட்டும் ஓட்ட போட்டு வெளிய நீட்டிட்டா போதும்னு மேதாவித்தனம் பண்ணேன். பிளாக் ராக்ல லாஞ்ச் பேட்ல நிக்கிற வரைக்கும் டாண் டாண்ணு டேட்டா வந்துச்சு, எழும்பி மூணு செகண்ட்ல நின்னுச்சு, அவ்ளோதான். கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ளக் களிமண் தர, ஒரு செடி கெடையாது, அதுல சாயங்காலம் வரைக்கும் வண்டிய ஓட்டி ஓட்டி புழுதி தின்னதுதான் மிச்சம். மறுநாள் காலைல தன் ராக்கெட்ட தேடிப் போன ஒருத்தர் என்னுத தூக்கிட்டு வந்தாரு. எவ்ளோ ஒசரம் போச்சுன்னு பீப் அடிச்சு சொல்ற ஆல்டிமீட்டர் அப்பவும் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, எண்ணிப் பாத்தா 19,000 அடிக்கு மேல. சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல.

சரின்னு மூக்க மட்டும் ஃபைபர்கிளாஸா மாத்தி ட்ராக்கர அதுக்குள்ள வச்சேன். இங்கதான் கூத்து. முன்னாடி இவ்ளோ லேசா இருந்தா பின்னாடி இருக்கற மோட்டார் வெயிட்டுக்கு ராக்கெட் நேரா போகாது, மூக்குல ஈயம் வைக்கணும். ஓப்பன்ராக்கெட்ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தா இன்னும் கொஞ்சம் வெயிட் ஏத்துனா ஒசரமே கூடுதுன்னு காட்டுது, ஏன்னா மோட்டார் அணைஞ்சதும் லேசான பொருள காத்து சீக்கிரம் புடிச்சு நிறுத்திடும், பிங்பாங் பந்தையும் கிரிக்கெட் பந்தையும் தூக்கிப் போட்டா தெரியும்ல. ஆக ரெண்டு மடங்கு காசு குடுத்து 210 கிராம் கொறச்சு, அப்புறம் 150 கிராம் ஈயத்த நானே கொண்டு போய் வச்சேன், அதுவும் எங்க, ஆண்டெனாவுக்கு பக்கத்துல! அந்த ஈயத்த நுனிக்கு தள்ள ஒரு வாரம் ஆச்சு.

தூள் பத்தி சொல்லவே வேணாம். மாஸ்க் போட்டு தண்ணி ஊத்திதான் தேய்க்கணும், காஞ்ச தூள் ஆல்டிமீட்டர் போர்டுல விழுந்தா ஷார்ட் ஆகும், உடம்புல பட்டா ராத்திரி பூரா அரிப்பு. சின்க்ல மை மாதிரி தண்ணி ஓடறத பாத்துட்டு வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, என் டவல மட்டும் தனியா எடுத்து கராஜ்ல மாட்டிட்டாங்க. அப்புறம் கருப்பு டியூப், வெயில்ல வச்சா தொட முடியாது, ஃபின் ஒட்டுன எபாக்ஸி எளகிடுமோன்னு வெள்ளத் துணி போத்தி கொழந்த மாதிரி தூக்கிட்டுப் போறேன்.

அதனால அவனுக்கு என் பதில் அதேதான், மொத கே ராக்கெட்டுக்கு ஃபைபர்கிளாஸ் தாராளம், கார்பன் வேணாம். நான் 75 எம்எம் கார்பன் டியூப் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், அது வேற விஷயம். 54ல ஒரு அடி துண்டு மிச்சம் கெடக்கு, வேணும்னா வந்து எடுத்துக்கட்டும், உள்ள ட்ராக்கர போட்டு ரெண்டு பக்கமும் மூடி வச்சுட்டு ரிசீவரோட தெருக்கோடி வரைக்கும் நடந்து பாத்துட்டு முடிவு பண்ணட்டும். வரும்போது கிளவுஸ் எடுத்துட்டு வரச் சொல்லணும்.