டூ-இன்-ஒன் லெக் மெஷின்: பிளேட் கம்பியின் சாய்வைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் பெஞ்ச், ராடு, பிளேட், ஸ்குவாட் ஸ்டாண்டு எல்லாம் வாங்கிப் போட்டவர்கள் அடுத்து தேடுவது பெரும்பாலும் இந்த மெஷினைத்தான். உட்கார்ந்து காலை நீட்டினால் லெக் எக்ஸ்டென்ஷன், குப்புறப் படுத்து மடக்கினால் லெக் கர்ல். இரண்டுக்கும் ஒரே சீட், ஒரே லீவர். பெஞ்சின் முனையில் செருகும் சின்ன இணைப்பாகவும் வருகிறது, தனியாகத் தரையில் நிற்கும் மெஷினாகவும் வருகிறது. கேபிளும் வெயிட் ஸ்டாக்கும் உள்ள ஜிம் ரகத்தை இங்கே எடுக்கவில்லை. பிளேட் மாட்டி ஓட்டும் வீட்டு ரகத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

ஸ்குவாட் (தோளில் ராடு வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) போடுகிறவருக்கு இது எதற்கு? முன்தொடையில் நான்கு தசைகள். வெளிப்பக்கம், உள்பக்கம், நடு ஆழம் ஆகிய இடங்களில் இருக்கும் மூன்று வாஸ்டஸ் தசைகளும் முட்டியை நீட்டும் வேலையை மட்டும் செய்கின்றன. நான்காவதான ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பெலும்பிலிருந்தே கிளம்பி, இடுப்பு, முட்டி இரண்டையும் தாண்டிப் போகிறது. ஸ்குவாட்டில் உட்காரும்போது முட்டிப் பக்கம் அது நீள்கிறது, அதே நேரத்தில் இடுப்புப் பக்கம் சுருங்குகிறது. மொத்த நீளம் அதிகம் மாறுவதில்லை, அதனால் பெரிய வேலையும் கிடைப்பதில்லை. பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங்குக்கும் இதே கதை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 வாரம் முழு ஸ்குவாட் போட்டவர்கள், அரை ஸ்குவாட் போட்டவர்கள் இரு தரப்பையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வாஸ்டஸ் தசைகள் இரு தரப்பிலும் வளர்ந்தன. ரெக்டஸும் ஹாம்ஸ்ட்ரிங்கும் எந்தத் தரப்பிலும் வளரவில்லை. வருடக்கணக்கில் ஸ்குவாட் போட்டும் தொடையின் முன்நடுப் பகுதி தட்டையாகவும், பக்கவாட்டில் பார்த்தால் பின்தொடை காலியாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்குவாட் விட்டுவிடும் இந்த இரண்டு தசைகளையும் நேராகப் பிடிப்பதால் இந்த மெஷின் வாங்கத் தகுந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாமே அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை.

எல்லாம் பிளேட் மாட்டும் கம்பியைப் பொறுத்தது. தொடங்கும் நிலையில் அந்தக் கம்பி பிவட் போல்ட்டுக்கு (லீவர் சுழலும் அச்சு) நேர் கீழே தொங்கினால், எவ்வளவு பிளேட் போட்டாலும் அந்தக் கணத்தில் சுமை பூஜ்யம். எடை நேராகக் கீழே இழுக்கிறது. லீவரைத் திருப்ப அதற்கு வழியே இல்லை. கால் 30 டிகிரி உயர்ந்ததும் உச்சச் சுமையில் பாதி, 60 டிகிரியில் 87 சதவீதம், கால் முழுக்க நீண்டபோதுதான் 100 சதவீதம். தொடையின் பலமோ வேறு மாதிரி. முட்டி 60, 70 டிகிரி மடங்கியிருக்கும் இடத்தில்தான் அதற்கு அதிக பலம். கால் நீண்டு முடியும் இடத்தில் பலம் குறைவு. ஆகவே பலம் உள்ள இடத்தில் மெஷின் லேசாக இருக்கிறது, பலம் இல்லாத இடத்தில் கனக்கிறது. கடைசி 20 டிகிரியில் சிக்கி ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) நின்றுவிடும், தொடை முழுதாகக் களைத்திருக்காது. தசை நீண்டிருக்கும் பாதியில் சுமை கிடைப்பதுதான் வளர்ச்சிக்கு நல்லது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. 12 வாரம் லெக் எக்ஸ்டென்ஷனின் தொடக்கப் பகுதியை மட்டும் செய்தவர்களின் தொடை, கடைசிப் பகுதியை மட்டும் செய்தவர்களைவிட, முக்கியமாக முட்டிக்கு அருகே, அதிகம் பருத்தது. கம்பி நேர் கீழே தொங்கும் மெஷின் அந்தத் தொடக்கப் பகுதியைத்தான் காலியாக விடுகிறது.

அதே கம்பி தொடங்கும்போதே 45 டிகிரி முன்னால் சாய்ந்து நின்றால் கணக்கு மாறிவிடும். ஆரம்பத்தில் 71 சதவீதம், நடுவில் 100, முடிவில் மறுபடி 71. தொடை விரும்புவதற்கு இது மிக அருகில் வருகிறது. நீட்டும்போதும் மடக்கும்போதும் லீவர் ஒரே திசையில்தான் சுழல்கிறது என்பதால் கர்லுக்கும் இதே சாய்வு பொருந்தும். பெஞ்சில் செருகும் மலிவான இணைப்புகள் பெரும்பாலும் நேர் கீழே தொங்குபவை. தனி மெஷின்களில், காலில் படும் பேடு ஒரு கையிலும் பிளேட் கம்பி இன்னொரு கையிலும் இருந்து, நடுவே துளைத்தட்டும் அதில் செருகும் பின்னும் வைத்துக் கோணம் மாற்றக்கூடியவை கிடைக்கின்றன. கூடுதல் பணம் போனாலும் அதையே வாங்குங்கள். ஆன்லைனில் வாங்குவதென்றால் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லீவர் ஓய்வில் இருக்கும்போது கம்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்து, லீவரிலிருந்து 45 டிகிரி முன்னால் தள்ளி இன்னொரு கம்பி பற்றவைப்பது. பிவட்டிலிருந்து பழைய கம்பி இருந்த தூரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய எடைக் கணக்கு அதிகம் மாறாது. லீவர் பைப் மெலிதாக இருந்தால் உள்பக்கம் ஒரு பட்டை கொடுத்து வலுப்படுத்த வேண்டும். இன்னொன்று, நீளமான ரெசிஸ்டன்ஸ் பேண்டை லீவரின் கீழ்முனையில் மாட்டி, மெஷினின் பின்காலில் கட்டுவது. கால் தொங்கும்போது பேண்ட் நேர் பின்னால் இழுப்பதால் முதல் அங்குலத்திலேயே சுமை வந்துவிடும். ஓய்வு நிலையிலேயே அது கொஞ்சம் விறைத்திருக்க வேண்டும். தளர்ந்து தொங்கினால் பயனில்லை.

அடுத்து பார்க்க வேண்டியது பேக்ரெஸ்ட். நிமிர்ந்து 90 டிகிரியில் உட்கார்ந்தால் ரெக்டஸ் இடுப்புப் பக்கம் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும். பின்னால் சாய்ந்தால் அது நீள்கிறது. இடுப்பு மடக்கத்தை 90 டிகிரியிலும் 40 டிகிரியிலும் வைத்து லெக் எக்ஸ்டென்ஷன் செய்யவிட்டு ஒப்பிட்ட 10 வார ஆய்வில், சாய்ந்த நிலையில் ரெக்டஸ் கூடுதலாக வளர்ந்தது. வெளிப்பக்க வாஸ்டஸில் வேறுபாடு இல்லை. படுத்து கர்ல் போட வேண்டியிருப்பதால் இந்த டூ-இன்-ஒன் மெஷின்களில் பேக்ரெஸ்ட் பெரும்பாலும் தட்டையாகும்வரை இறங்கும். ஜிம்மில் இருக்கும் பல விலையுயர்ந்த மெஷின்களிலேயே இல்லாத வசதி இது. பின்னால் சாய்வது, சீட்டின் இருபக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்து இடுப்பு எழாமல் பார்த்துக்கொள்வது, இரண்டும் சேர்ந்தால்தான் பலன். கைப்பிடி இல்லாத மாடலில் சாய்ந்தால் உடம்பு வழுக்கும். அதை வாங்க வேண்டாம்.

பொருத்தும்போது முட்டியின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பு மேடு, பிவட் போல்ட்டுக்கு நேராக வர வேண்டும். செட் ஓடும்போது பேடு காலில் மேலும் கீழும் தேய்ந்தால் அந்த நேர்கோடு தவறியிருக்கிறது என்று அர்த்தம். உயரம் குறைந்தவர்களுக்கு சீட் ஆழம் அதிகமாக இருக்கும். முட்டி சீட் விளிம்புக்கு வருவதற்காக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குத் தாங்கல் போய்விடும். முதுகுக்குப் பின்னால் கெட்டியான ஃபோம் துண்டு ஒன்றை வைத்தால் போதும். பேடு கணுக்காலுக்குச் சற்று மேலே படட்டும், பாதத்தின் மேல் வேண்டாம். தொடக்கக் கோணத்தை மாற்ற முடிந்தால் முட்டி 100 டிகிரிக்கு மேல் மடங்கும் துளையில் பின்னைப் போடுங்கள்.

கர்ல் பகுதிக்கு முழு மதிப்பெண் தர முடியாது. குப்புறப் படுத்துச் செய்யும்போது இடுப்பு நேராக இருப்பதால் ஹாம்ஸ்ட்ரிங் முழுதாக நீள்வதில்லை. உட்கார்ந்த கர்லையும் படுத்த கர்லையும் ஒப்பிட்ட 12 வார ஆய்வில் ஹாம்ஸ்ட்ரிங் வளர்ச்சி முறையே 14, 9 சதவீதம். தொடையை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பேடு உள்ள, உட்கார்ந்தே கர்ல் செய்யும் மாடல் கிடைத்தால் அதற்கே முதலிடம். படுத்துச் செய்யும் மாடல்தான் கையில் இருக்கிறது என்றால் ரொமேனியன் டெட்லிஃப்டை (முட்டியை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து ராடோடு நிமிரும் பயிற்சி) விட்டுவிடாதீர்கள். நீளும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கர்லில் இடுப்பு பெஞ்சை விட்டு எழுவது எடை அதிகம் என்பதன் அடையாளம், 5 கிலோ கழற்றுங்கள்.

தயாரிப்புத் தரத்தில் வழக்கமாகக் கோளாறு வரும் இடம் பிவட். பேரிங் இல்லாமல் வெறும் பைப்புக்குள் போல்ட் ஓடும் மாடல்களில் சில மாதத்திலேயே ஆட்டம் கண்டு, லீவர் பக்கவாட்டில் அசையும். ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். வாங்கும்போது லீவரைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். பிளேட் துளையும் கவனம். வீட்டு பிளேட்டுகளின் துளை 30 மி.மீ. அளவில் இருக்கும், ஒலிம்பிக் பிளேட்டுக்கு 50 மி.மீ. கம்பி மெலிதாக இருந்து பிளேட் பெரிய துளையாக இருந்தால் அடாப்டர் குழாய் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் ஒவ்வொரு ரெப்பிலும் பிளேட் குதிக்கும். கம்பி முனையில் கிளிப் போடாமல் ஓட்டவே கூடாது. டைல்ஸ் தரையில் மெஷின் நகரும், ரப்பர் மேட் அவசியம். எடை ஏற ஏறப் பின்கால் தூக்கினால் பின்சட்டத்தின் மேல் இரண்டு பிளேட் வைத்துவிடலாம். முதல் இரண்டு வாரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்குங்கள்.

விளம்பரங்களில் வரும் 'டியர்டிராப் ஷேப் கேரண்டி' என்ற பேச்சை நம்ப வேண்டாம். முட்டிக்கு மேல் உள்பக்கம் துளி போலத் தெரிவது உள்பக்க வாஸ்டஸ். அது முட்டிக்கு எவ்வளவு அருகே வந்து முடிகிறது என்பது பிறப்பிலேயே அமைந்தது. அதைப் பருமனாக்க முடியும், இடம் மாற்ற முடியாது. கால்விரலை வெளியே திருப்பினால் உள்தொடை, உள்ளே திருப்பினால் வெளித்தொடை என்ற ஜிம் அறிவுரையும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் தராது; அதிகமாகத் திருப்பினால் முட்டிதான் முறுக்குப் படும்.

வாரம் இரண்டு நாள் கால் பயிற்சி செய்பவர் ஒரு நாளைக்கு ஸ்குவாட் 3 செட், 6 முதல் 10 ரெப். ரொமேனியன் டெட்லிஃப்ட் 3 செட், 8 முதல் 10. பிறகு இந்த மெஷினில் எக்ஸ்டென்ஷன் 3 செட், கர்ல் 3 செட், 10 முதல் 15 என்று வைத்துக்கொள்ளலாம். இறக்க 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பிளேட் தடுப்பில் மோதும் சத்தம் கேட்டால் மிக முக்கியமான இடத்தில் சுமையை விட்டுவிட்டீர்கள். எல்லா செட்டிலும் 15 வந்தபின் 2.5 கிலோ ஏற்றுங்கள். இரு கால்களுக்கும் பலத்தில் வித்தியாசம் இருந்தால் ஒற்றைக் காலில், பலம் குறைந்த காலில் தொடங்கி, மற்றக் காலுக்கும் அதே ரெப் எண்ணிக்கையோடு நிறுத்துவது நல்லது. இரு காலும் சேர்ந்து தூக்கும்போது பலமான கால் வேலையை எடுத்துக்கொள்வது வெளியே தெரியாது.

முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் கம்பி நேர் கீழே தொங்கும் மாடலைத் தவிர்க்க வேண்டும். கால் நீளும் கடைசி 45 டிகிரியில் சில்லின் தொடுபரப்பு சிறிதாகிறது, அந்த மாடல் தன் முழுச் சுமையையும் அங்கேதான் கொட்டுகிறது. அவர்கள் 90-லிருந்து 45 டிகிரி வரை மட்டும் ஓட்டலாம். ஏசிஎல் (முட்டி மூட்டுக்குள் இருக்கும் ஒரு தசைநார்) அறுவை செய்துகொண்டவர்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் இதில் உட்காரக் கூடாது. இடமோ பணமோ இல்லையென்றால் ரிவர்ஸ் நோர்டிக் செய்யுங்கள். மெத்தை மேல் மண்டியிட்டு, முட்டியிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வைத்து, மெதுவாகப் பின்னால் சாய்ந்து எழ வேண்டும். முதலில் எதிரே தூணில் பேண்ட் கட்டிப் பிடித்துக்கொண்டு 3 செட், 6 முதல் 8 ரெப். இடுப்பு முன்பக்கம் மடங்கினால் ரெக்டஸ் தப்பித்துவிடும், அந்த இடத்தில் ரெப்பை நிறுத்திவிடுங்கள்.