பன்னிரண்டு நாள், இருபத்து நாலு வேளை தண்ணீர்

"தினம் காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு ஊத்தினோம் சார். ஒரு வேளைகூட விடல."

நவதிருப்பதியும் குலதெய்வமும் முடித்துத் திரும்பிய மறுநாள் நர்சரியில் கேட்ட வாசகம் இது. சொன்ன பையன் முகத்தில் அவ்வளவு பெருமை. மூன்று ஃபாலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டிகள், தொட்டிக்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய், பன்னிரண்டு நாளைக்கு 540. 'ஊருக்குப் போறீங்களா, செடியை எங்ககிட்ட விடுங்க' என்று பலகையே தொங்குகிறது. முன்பெல்லாம் சாவியை எதிர் வீட்டில் கொடுத்து, பால் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, துளசிக்கு மட்டும் ஒரு சொம்பு ஊற்றச் சொல்வதோடு சரி. சென்னையில் இப்போது இதற்கும் சர்வீஸ் வந்துவிட்டதே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தூரத்தில் பார்த்தால் இலையெல்லாம் பளபள. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தால், வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்புக் கூழ், மூக்கைப் பொத்தும் வாடை. இரண்டாவது தொட்டியும் அதே கதி. மூன்றாவது மட்டும் தப்பியது, அதுவும் மேசையின் கால் ஆடி தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால்.

அந்தச் சாய்வில்தான் விஷயமே இருக்கிறது. ஃபாலனாப்சிஸ் காட்டில் மரத்தண்டைப் பிடித்துக்கொண்டு, இலைகள் கீழ்நோக்கித் தொங்க வளரும். மழை பெய்தால் குருத்தில் சொட்டு நிற்காது. நாம்தான் அழகுக்காகத் தொட்டியில் நிமிர்த்தி நடுகிறோம். அப்போது இலைகள் சேருமிடம் ஒரு கிண்ணமாகிவிடுகிறது. சாயங்காலம் ஷவர் பூவாளியில் மேலிருந்து ஊற்றினால் அந்தக் கிண்ணத்தில் நிற்கும் நீர் மார்கழி இரவு முழுக்கக் காயாது. இந்தச் செடிக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அது அழுகினால் மேற்கொண்டு இலை வராது. டென்ட்ரோபியம் என்கிற இன்னொரு ஆர்க்கிட் போலத் தண்டில் நீரைச் சேர்த்துவைத்து, பக்கத்தில் புதுத் தண்டு விடும் ஜாதி இல்லை இது.

டொராண்டோவில் இதே தப்பைச் செய்தாலும் பல சமயம் தப்பித்துவிடலாம். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று அப்பளம்போல் உலர்ந்திருக்கும், குருத்துத் தண்ணீர் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். அங்கே கடைத் தொட்டிகளில் 'வாரம் மூன்று ஐஸ் கட்டி' என்று சீட்டு தொங்கும். ஆர்க்கிட் பைத்தியங்கள் அதைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஐஸ் கட்டியில் ஒரு சௌகரியம், பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அளவு மீற முடியாது. நம் ஊர்ப் பாசம்தான் குடம் கணக்கில் வருகிறதே!

இன்னொரு கூடுதல் சேவையும் நடந்திருக்கிறது. "காஞ்சுடக் கூடாதுன்னு மேல கொஞ்சம் கோகோபீட், தேங்கா நார்த்தூள், போட்டோம் சார்." மரக்கரி, ஓட்டுச்சில்லு, மட்டைத்துண்டு என்று காற்று ஓடுகிற மாதிரி அடுக்கி வைத்த தொட்டியில், இடுக்கெல்லாம் அடைகிற தூள். ஆர்க்கிட் வேர்மேல் பஞ்சுபோல் ஓர் உறை உண்டு. அது நீரை உறிஞ்சிக்கொண்டு பிறகு காய வேண்டும். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. காயவே விடாவிட்டால் மூச்சு முட்டி அழுகும். அமுக்கினால் உறை உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கவிழ்த்துப் பார்த்தபோது பாதி வேர் நூல்தான்.

பரிகாரமாக நர்சரியில் கையில் திணித்தது கார்பென்டசிம் பொட்டலம். அது சில பூஞ்சைகளுக்கு மருந்து. குருத்தழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பாக்டீரியாவையோ, ஃபைட்டோஃப்தோரா வகைக் கிருமியையோ அது தொடாது. கருப்பாகப் பரவும் ஃபைட்டோஃப்தோராவுக்கு மெட்டலாக்ஸில் கலந்த மருந்து வேண்டும். வாடை அடிக்கும் கூழ் என்றால் பாக்டீரியா. கத்தியைத் தீயில் காட்டி, அழுகினதைப் பச்சைப் பகுதி தெரியும்வரை வெட்டி, வெட்டு வாயில் மட்டும் சமையல் பட்டைப்பொடி அப்பி, காற்றோட்டத்தில் விடுவதுதான் வழி. பட்டைப்பொடி வேரில் விழக்கூடாது, வேரையும் உலர்த்திக் கொன்றுவிடும். அடியில் நல்ல வேரும் இரண்டு இலையும் மிச்சமிருந்தால் சில மாதத்தில் பக்கக் கன்று விடக்கூடும்.

உண்மையில் பன்னிரண்டு நாளைக்கு ஃபாலனாப்சிஸை யாரிடமும் விட்டிருக்கவே வேண்டாம். கிளம்பும் அன்று காலை தொட்டியை இலை நனையாமல் 15 நிமிடம் வாளித் தண்ணீரில் வைத்து, பிறகு முழுக்க வடியவிட்டு, வெயில் படாத, ஜன்னல் சற்றே திறந்த அறையில் லேசாகச் சாய்த்து வைத்தால் போதும். குருத்தில் நின்ற நீரை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். அடித்தட்டில் தண்ணீர் தேக்கக்கூடாது. பாலித்தீன் உறை போடுவது இந்தப் புழுக்கத்தில் அழுகலுக்கு அழைப்பிதழ். உரத்தை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடலாம். திரும்பும்போது இலை சற்றுச் சுருங்கியிருக்கும், இரண்டு மூன்று தடவை நனைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வேர் அழுகினாலும் இலை இதே மாதிரிதான் சுருங்கும் என்பதால், வேரைப் பார்க்காமல் ஊற்றக்கூடாது.

ஆள் தேவைப்பட்டது பால்கனியில் மரக்கூடையில் தொங்கிய இரண்டு வாண்டா ஆர்க்கிட்டுக்குத்தான். மண்ணுமில்லை கரியுமில்லை, வேர் மொத்தமும் அந்தரத்தில். ஆட்டோவில் ஏறாது என்பதால் அவை வீட்டிலேயே நின்றன. பொறுப்பு, ஃபிளாட் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம். திரும்பி வந்து பார்த்தால் வேர் நுனியெல்லாம் புதுப் பச்சை.

"வேரு வெளுத்திருந்தா ஊத்துவேன் தம்பி. ஒரு தடவை நனைச்சிட்டு, நாலு முழம் கட்டிட்டு வந்து மறுபடி நனைப்பேன். பச்சையா இருந்தா விட்டுடுவேன்."

யார் சொல்லிக்கொடுத்தார்களோ! முதல் நனைப்பில் உறை இளகும், சில நிமிடம் கழித்து ஊற்றுவதைத்தான் முழுசாகக் குடிக்கும். மார்கழியில் காலை ஒரு முறை இப்படிச் செய்தால் போதும், அக்னி நட்சத்திரத்தில் இரண்டு வேளை வேண்டும். தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். போர் தண்ணீரின் உப்பு வேர்மேல் வெள்ளையாகப் படிகிற ஊரில் அது ஏறக்குறைய மழைநீர். சிக்கனம் என்று ஆர்ஓ கழிவு நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு, ஆர்க்கிட்டுக்கு அதைவிட மோசமான தண்ணீர் கிடையாது.

பூக்கார அம்மா காசு வாங்கவில்லை, ஒரு பூ பூத்தால் சாமிக்குக் கொடு என்றார். நர்சரியில் 540-ல் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ரொம்பப் பேசியபிறகு ஒரு செம்பருத்திக் கன்றை இலவசமாகத் தந்தார்கள். "தினம் ரெண்டு வேளை ஊத்துங்க சார்."