ஆனர்ஸ் நான்காம் ஆண்டு யாருக்குப் பயன்?

பிளஸ் டூ முடிவு வந்ததும், கலை அறிவியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது ஒரு புதிய விவாதம் நடக்கிறது. வழக்கம்போல மூன்றாண்டில் பட்டம் வாங்கி, பிறகு இரண்டாண்டு முதுகலை படிப்பதா? ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் நான்காண்டு ஆனர்ஸ் பட்டப் படிப்பில் சேர்வதா? தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மூன்றாண்டுப் படிப்பே வழக்கம் என்பதால் முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுதி டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் போகிற பிள்ளைகளால் அது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்கிற ஆசிரியர்கள் உள்ள துறையில் இடம் கிடைத்தால் நான்காம் ஆண்டு வரை இருந்து படிக்க வேண்டும். அப்படிப்பட்ட துறை இல்லையென்றால் மூன்றாம் ஆண்டோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு, நல்ல துறை எங்கே இருக்கிறதோ அங்கே போய்விட வேண்டும். பட்டச் சான்றிதழில் ‘ஆனர்ஸ்’ என்று அச்சாகிறதா என்பதெல்லாம் அடுத்த விஷயம்.

ஆண்டுக் கணக்கு

2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (பாடங்களுக்கான படிப்புப் புள்ளி) வேண்டும். நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தவர் நடுவில் விலகவும் வழி உண்டு: ஓராண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். முதல் இரண்டையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பட்டதாரி என்று கேட்கும் எந்த வேலைக்கும் அந்தக் காகிதங்கள் உதவாது. ஓர் ஏழைப் பிள்ளை பாதியில் நின்றுபோவதற்கு அவை மரியாதையான பெயர் ஆகிவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஆனர்ஸ் படித்தால் ஓராண்டு மிச்சம் என்று சேர்க்கை முகாம்களில் சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நான்காண்டு ஆனர்ஸுக்குப் பிறகு முதுகலை ஓராண்டு. மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டு. எப்படிக் கூட்டினாலும் ஐந்துதான். அந்த ஓராண்டு முதுகலையும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இல்லை. விரும்பிய ஊரில் அது இல்லாமல் போனால் நான்கும் இரண்டும் ஆறு என்று முடியும்.

காலம் உண்மையில் மிச்சமாவது முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குத்தான். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.யில் சேரலாம், உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வும் எழுதலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் போன்ற பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளம் ஆய்வாளர் உதவித்தொகைக்கும் தேறிவிட்டால் மாதம் 37,000 ரூபாய். இருபத்திரண்டு வயதில் அந்தத் தொகையோடு ஆய்வில் இறங்குவது சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு மிகப் பெரிய விஷயம்.

இதில் ஓர் எச்சரிக்கை. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு யுஜிசியின் 2018 விதிமுறைகள் முதுகலையில் 55 விழுக்காடு கேட்கின்றன. முதுகலையைத் தாண்டிக் குதித்து முனைவர் பட்டம் வாங்கியவர், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அறிவிக்கையில் உள்ள தகுதி வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவதே குறிக்கோள் என்றால், ஓராண்டு முதுகலையைப் படித்துவிட்டுப் போவதே பாதுகாப்பு என்பேன்.

ஆனர்ஸிலேயே இரண்டு வகை

பெற்றோர் பலருக்குத் தெரியாத விஷயம் இது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கே ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ். அவர்கள் 12 கிரெடிட் மதிப்புள்ள ஓர் ஆய்வேட்டை எழுத வேண்டும். மற்றவர்கள் அதற்கு ஈடாக மேலும் சில பாடங்களைப் படித்துச் சாதாரண ஆனர்ஸ் பெறலாம். இரண்டாவது வகையில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் உட்கார்ந்து இன்னும் சில பாடம் படிப்பதற்கு, அதே ஓராண்டை வேறொரு நல்ல பல்கலைக்கழகத்தின் முதுகலை வகுப்பில் செலவிடலாம்.

முதல் வகை அப்படி அல்ல. வேதியியல் மாணவி ஒருத்தி தன் ஊரின் கிணற்று நீரில் உள்ள நைட்ரேட்டை அளக்க எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுகளில் அவள் செய்த செய்முறைகளுக்கெல்லாம் விடை ஏற்கெனவே ஆசிரியரின் நோட்டில் இருந்தது. பியூரெட் என்ற அளவுக் குழாயில் வரவேண்டிய அளவு வரவில்லையென்றால், பக்கத்துத் தோழியின் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இங்கே பார்த்தெழுத ஆள் இல்லை. முதல் வாரம் ஒரே கிணற்று நீர் காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் காட்டும். போத்தலைச் சரியாகக் கழுவவில்லையா, நீரைக் குளிரில் வைக்காமல் விட்டோமா, வாலை வடிநீரிலேயே ஏதாவது கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்து வயலில் யூரியா போட்டது என்றைக்கு என்று விவசாயியிடம் போய்க் கேட்க வேண்டும். எதற்கும் மூன்று முறை அளந்து சராசரியும் பிழையளவும் எழுத வேண்டும் என்று பாடப்புத்தகம் சொன்னது ஏன் என்பது அப்போதுதான் உறைக்கும். ஆண்டு முடிவில் அவள் கையில் இருக்கும் ஐம்பது பக்கங்கள் உலகத்தை மாற்றாது. ஆனால் ஓர் எண்ணைப் பார்த்தால் “இது எப்படி வந்தது?” என்று கேட்கிற பழக்கம் வந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை ஆனர்ஸ் தருகிற பயன்களில் இதற்கு மேலானது எதுவும் இல்லை. வரலாறு படிப்பவருக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துப் பழைய வருவாய்த் துறைக் கோப்புகளிலும் இதே பயிற்சி கிடைக்கும்.

இதற்கெல்லாம் வழிகாட்ட ஆள் வேண்டும். ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் நடத்த விரும்பும் துறையில், முனைவர் பட்ட வழிகாட்டியாக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று யுஜிசியின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. மணிக்கணக்கில் ஊதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. குறை அந்த ஆசிரியர்களிடம் இல்லை. வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் இருப்பவரிடம் ஒரு மாணவியின் ஆய்வுக்கு ஓராண்டு துணை நில்லுங்கள் என்று கேட்பது நியாயமும் இல்லை.

ஆனர்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில், பள்ளி முடித்தபின் படிக்கும் இரண்டாண்டு இன்டர்மீடியட்டுக்குப் பிறகு சாதாரணப் பட்டத்துக்கு இரண்டாண்டு, ஆனர்ஸுக்கு மூன்றாண்டு என்று இருந்த காலம் உண்டு. மாநிலக் கல்லூரியில் அப்படி இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1930-இல் முடித்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த அந்த இளைஞர் அவரைத் தேடிப் போனார். நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று எழுதியவரே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், அச்சுக்குப் போகவிருந்த தம் புதிய கட்டுரையின் படியையும் கொடுத்தார். அதைத் தானாகவே படித்துத் தேறி சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது அவர் இன்னும் பட்டமே வாங்கவில்லை. 1983-இல் நோபல் பரிசு பெற்ற மேதையோடு எல்லோரையும் ஒப்பிட நான் வரவில்லை. தேர்வுக்கு அப்பால் படிக்க நேரமும், அச்சேறாத கட்டுரையை ஒரு மாணவன் கையில் கொடுக்கிற பெரியவரும் ஒரே சமயத்தில் வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் ஊரில் கிடையாது.

மூன்றாண்டின் பலம்

சிறிய ஊர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு மூன்றாண்டுப் பட்டம்தான் தாவிச் செல்லும் பலகை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், நிலவியல், உயிரித் தொழில்நுட்பம் என ஏழு தாள்கள் உண்டு. பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருப்பவரே எழுதலாம். தேறினால் இரண்டாண்டு எம்.எஸ்சி. ஐஐடியில். பிளஸ் டூவில் எந்த நுழைவுத் தேர்வைப் பற்றியும் கேள்விப்படாத ஒரு கிராமத்துப் பையனுக்கு, தன் கல்லூரியின் குறைகளைத் தாண்டிப் போக இது இரண்டாவது வாய்ப்பு. அவனை நான்காம் ஆண்டும் அதே ஆய்வகத்தில் உட்காரவைப்பது அநியாயம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை இடங்களுக்கான க்யூட் தேர்வும் இதே போன்ற வாய்ப்புதான்.

வேலைவாய்ப்புத் தேர்வுகளை நோக்கிப் போகிறவருக்கும் நான்காம் ஆண்டு தேவையில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, வங்கி அதிகாரி, குடிமைப் பணி ஆகிய மூன்றுக்குமே பட்டம் இருந்தால் போதும். குடிமைப் பணிக்குக் குறைந்தபட்ச வயது 21. மூன்றாண்டுப் பட்டம் முடிகிற வயதும் ஏறக்குறைய அதுவே. ஆனர்ஸுக்கென்று இந்தத் தேர்வுகளில் தனி மதிப்பெண் கிடையாது.

வெளிநாடு என்றால் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 16 ஆண்டுக் கல்வியை எதிர்பார்ப்பவை. பள்ளி 12, பட்டம் 3 என்றால் ஓராண்டு குறையும். ஆனர்ஸ் அதை நேர் செய்துவிடும். பிரிட்டனுக்கு மூன்றாண்டுப் பட்டமே பெரும்பாலும் போதும்.

வீட்டு நிலவரம்

நான்காம் ஆண்டுக்குக் கட்டணம், விடுதிச் செலவு, அந்த ஆண்டு வராமல் போகும் சம்பளம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டு முடிந்ததும் “ஒரு டிகிரி வாங்கியாயிற்று, போதும்” என்று வரன் பார்க்கத் தொடங்குகிற வீடுகள் இன்றும் உண்டு. முதுகலைக்குப் போக வேண்டுமென்றால் அவள் மறுபடியும் எல்லோரையும் கெஞ்ச வேண்டும். சேரும்போதே நான்காண்டுப் படிப்பு என்று வீட்டில் பதிந்துவிட்டால், அந்தப் பேச்சை ஓராண்டு தள்ளிப்போட முடிகிறது. இது எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத பயன். நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஓராண்டுக்காகவே நான் ஆனர்ஸைச் சொல்வேன்.

ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று பிளஸ் டூவிலேயே தெளிவாக இருக்கிறவர்கள் கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு, நான்காண்டுப் படிப்புகள் இரண்டையும் விட்டுவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஐசர் எனப்படும் மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பையும் முதலில் முயல வேண்டும். பொறியியலில் ஆனர்ஸ் வேறு மாதிரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளில் அதே நான்காண்டுக்குள் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் பி.இ. ஆனர்ஸ், அதே 18-ஐ வேறு துறையில் படித்தால் மைனர். தன் துறையிலேயே எம்.இ. போகிறவருக்கு முதலாவது பொருந்தும். இயந்திரவியல் படித்துக்கொண்டே கணினிப் பக்கம் கண் வைத்திருப்பவருக்கு மைனர்.

சேரும் முன்

கல்லூரிக்கு நேரில் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். துறையில் பிஎச்.டி. வழிகாட்டிகள் எத்தனை பேர், ஒருவரிடம் எத்தனை ஆனர்ஸ் மாணவர்கள், சென்ற ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆய்வேட்டை எடுத்துக் காட்டுகிற துறையில் தைரியமாகச் சேரலாம்.

பிளஸ் டூ கோடையிலேயே நான்காம் ஆண்டைப் பற்றி முடிவு கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. நான்காண்டுப் படிப்பில் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியே வரும் வழி திறந்தே இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு மட்டும் உள்ள கல்லூரியில் சேர்ந்தவர் முதல் ஆண்டிலிருந்தே ஜாம் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். நான்காண்டுக்காரரும் ஐந்தாம் செமஸ்டரில் ஜாமுக்கும் க்யூட் முதுகலைக்கும் விண்ணப்பித்துவிடட்டும். ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் தன் துறையில் ஆய்வுக்கு யார் வழிகாட்டுவார், என்ன தலைப்பு என்பது தெரிந்துவிடும். வெளியே கிடைத்த இடத்தையும் உள்ளே கிடைத்த வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்போது முடிவு செய்யலாம்.