ஜி.எச்.சா, தனியாரா? இரண்டிலும் இருந்து பார்த்ததில்

அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது 108-இல் ஏற்றி ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். அடுத்த வருடம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், அது தனியாரில்.

ஜி.எச்.சில் வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி உடைந்த கால்களைத் தினமும் பார்க்கிற கைகள். மாத்திரைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. தமிழக அரசு 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புவதால் இது நடக்கிறது. ஆனால் எக்ஸ்ரே அறைவரை ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஒருவர் நூறு ரூபாய் கேட்டார், கொடுக்கும்வரை அப்பா வராந்தாவிலேயே கிடந்தார், நானும் ராத்திரி பாய் விரித்து அங்கேதான் படுத்தேன், கழிவறையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். ஒரு நர்ஸ் மட்டும் "அப்பா, வலிக்குதா?" என்று போகும்போதெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்.

தனியாரில் ஏசி, சுத்தமான படுக்கை, மணியடித்தால் ஆள். டாக்டர்தான் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. பில்லில் கையுறைக்கே தனிக் கட்டணம்! காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள், காப்பீட்டு ஒப்புதல் வந்து கிளம்பும்போது இரவு ஏழு, அதுவரை அம்மா சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்.

விபத்தென்றால் நான் இன்னமும் ஜி.எச்.தான். நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனுக்குத் தனியார், அதுவும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று முதலில் கேட்டுவிட்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.