கல்மூங்கில் வில்: இரண்டு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், சுவரில் அடித்த இரண்டு முளைகளின் மேல் ஒரு கல்மூங்கில் வில் படுத்திருக்கிறது. கையால் நான் செய்த முதல் வில். செய்து முடித்த புதிதில் எழுதியிருந்தால் அது எவ்வளவு வேகமாக எய்கிறது என்பதைத்தான் எழுதியிருப்பேன். கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறிப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், எங்கே இளகியது, எங்கே தாங்கியது என்பதையும் இப்போது சொல்ல முடிகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வில் செய்கிறவருக்கு நம் பக்கத்தில் கல்மூங்கிலை விட நல்ல பொருள் இல்லை. ஆனால் வில் நீளமாகவும் இழுவை (நாணை முழுத் தூரம் இழுக்கத் தேவையான பலம்) குறைவாகவும் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் மர வேலை என்று வாயெடுத்தாலே தேக்குதான். பர்மாத் தேக்குத் தூணையும் நிலையையும் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? இடித்த வீடுகளின் சட்டங்கள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. பல காலம் காய்ந்த மரம், ரேகையும் நேராக ஓடும். ஆனால் தேக்கின் பெருமை வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் நிற்பதில் இருக்கிறது. வில்லுக்கு வேண்டியது ஆயிரம் தடவை வளைந்தாலும் நிமிர்கிற குணம். அதில் தேக்கு மூங்கிலுக்குக் கிட்டே வராது. கைப்பிடிக்கு மட்டும் ஒரு தேக்குத் துண்டு ஒட்டியிருக்கிறேன். சீமைக்கருவேல் கண்மாய்க் கரையெல்லாம் நிற்கிறது, கெட்டியான மரமும்கூட. ஆனால் முள்ளும் முறுக்கும் போக நேராக ஐந்தரை அடி எடுப்பது பெரும்பாடு.

மூங்கிலை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் நசுங்குகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். முறிவு பெரும்பாலும் முதுகில் ஒரு நார் அறுந்துதான் தொடங்கும். மரத்தில் செய்தால் முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அதைத் தேடிச் செதுக்குவதே புதியவருக்குப் பெரிய சோதனை. மூங்கிலில் நார் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது, உள்ளே போகப் போகத் தளர்ந்துவிடுகிறது. அதனால் தோலை அப்படியே முதுகாக விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கம் மட்டும் சீவினால் போதும். தோலில் கத்தி படவே கூடாது. கணு மேட்டை உப்புத்தாளால் லேசாகத் தடவலாம், சமமாக்கப் பார்க்கக் கூடாது.

மூங்கில் கடைப் பெரியவர், “தேய்பிறையில வெட்டுனது தம்பி, உளுக்காது” என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் அதோடு விடாமல், கழியைப் பிளந்து சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் மாசக்கணக்கில் காயவைத்தேன். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது, ஊறினால் அது கரைந்து குறையும். இன்று வரை வில்லில் ஒரு பொட்டுத் துளை இல்லை, கீழே மாவும் உதிரவில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: நான் இழுக்கும் தூரம் 26 அங்குலம். வில்லின் நீளம் 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. இழுக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் வளையாத கைப்பிடிக்கு 8 முதல் 10 அங்குலம், அதற்கும் மேல் கொஞ்சம் தாராளம். அகலம் நடுவில் சுமார் 4 செ.மீ., நுனியில் சுண்டுவிரல் அளவு. குட்டை வில் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அங்குலமும் அதிகமாக வளைய வேண்டியிருப்பதால் சீக்கிரம் தளரும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதிக நேரம் எடுத்ததும் வளைவை நிரவுவதுதான். பட்டையைச் சீவி வில் உருவத்துக்குக் கொண்டுவருவது சீக்கிரம் முடிந்துவிடும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே சீராக வளையும்படி செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி, எங்கே விறைப்பாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விறைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். அதிகமாக வளைகிற இடத்தைத் தொடவே கூடாது.

இழைப்புளி கேட்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். பட்டையை வாங்கிக் கணுவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இழைப்புளி இதுக்கு வேணாம் தம்பி, கணுவுல பிச்சுக்கும். கண்ணாடிச் சில்லு எடுத்துக்கங்க” என்றார். “கையைக் கிழிக்காதாண்ணே?” என்றேன். சில்லின் ஒரு பக்கத்தில் துணியைச் சுற்றிக் கொடுத்து, எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்றும் காட்டினார். சரியாகச் சாய்த்தால் சில்லு மூங்கில் மேல் சர்ரென்று போகும், பூந்தூள் மாதிரி சன்னமான சுருள் வரும். இழைப்புளியில் ஒரே தள்ளில் போகும் கனத்தை எடுக்கச் சில்லில் பத்துப் பதினைந்து இழுப்பு ஆகும். வில்லுக்கு அந்த மெதுவான வேகம்தான் தோது.

பிறகு ஒரு ரீப்பர் கட்டையின் தலையில் வில்லின் பிடியை உட்காரவைத்து, கட்டையில் வரிசையாக வெட்டுப் போட்டு, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து மாட்டினேன். இங்கே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பெரிய உதவி. கட்டையோடு வில்லைத் தரையில் படுக்கவைத்து, நடுவை ஒரு கோட்டின் மேல் வைத்துவிட்டால், கற்களின் கட்டமே இரண்டு பக்க வளைவுக்கும் அளவுகோல். இடது நுனி எந்தக் கோட்டைத் தொடுகிறது, வலது நுனி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று நின்றபடியே தெரியும். ஒன்று, அப்படி மாட்டிய வில்லை நீண்ட நேரம் விட்டு வைக்கக் கூடாது. அதன் நேர் எதிரேயும் நிற்கக் கூடாது. சுரண்டிய ஒவ்வொரு முறையும் வில்லை இருபது முப்பது தடவை பாதித் தூரத்துக்கு இழுத்து விட்ட பிறகே மறுபடி பார்க்க வேண்டும், அப்போதுதான் எடுத்த கனத்தின் பலன் வெளியே தெரியும். கீழ்ப் பாதியை மேல் பாதியை விட ஒரு மயிரிழை விறைப்பாக வைப்பது மரபு. அம்பு பிடிக்கு மேலே உட்காருவதால் இரண்டு பாதிக்கும் சுமை ஒன்றாக விழுவதில்லை.

பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசில் நாணை மாட்டி இழுத்துப் பார்த்தபோது, புதிதில் 13 கிலோ காட்டியது. இப்போது 12-க்குச் சற்றுக் குறைவு. நாணைக் கழற்றினாலும் நுனிகள் இரண்டு விரற்கடை என் பக்கமாக வளைந்தே நிற்கின்றன. வயிற்றுப் பக்கத்து நார் கொஞ்சம் நசுங்கி அப்படியே தங்கிவிட்டதுதான் காரணம். இது பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில் வந்தது, அதன் பிறகு ஏறக்குறைய நின்றுவிட்டது. கையால் செய்த எந்த வில்லும் இவ்வளவு விட்டுக்கொடுக்கும். இதைக் குறையாக நான் எண்ணவில்லை.

மழைக்காலம்தான் உண்மையான பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறினால் மூங்கிலும் ஈரத்தை வாங்குகிறது, அம்பு இலக்கில் கீழே இறங்குகிறது. அந்த நாட்களில் குறைவாக எய்வதும், முழுத் தூரம் இழுக்காமல் விடுவதும் நல்லது. ஈரத்தோடு வளைத்தால் அந்த வளைவு நிரந்தரமாகத் தங்கிவிடும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: வில் சுறுசுறுப்பாகிவிடும், ஆனால் உலர்ந்த மூங்கில் முறியவும் துணியும். அதனால் கோடையில் முதலில் பாதித் தூரம் சில தடவை இழுத்துப் பழக்கிவிட்டுத்தான் அம்பு தொடுக்கிறேன். நிறுத்தி வைத்த காரில் வில்லை ஒருபோதும் விடுவதில்லை. வயிற்றுக்கும் ஓரங்களுக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசி வருகிறேன். தோல் பக்கம் எண்ணெயை உறிஞ்சுவதில்லை, அங்கே வீணாகப் பூச வேண்டாம்.

தொல்லை கொடுத்த இடம் ஒன்று உண்டு. தேக்குக் கைப்பிடி ஒட்டிய ஓரத்தில், முதல் மழைக்குப் பிறகு பசை லேசாக வாய் திறந்தது. கைப்பிடியின் முனை சன்னமாகும் இடத்தில் மூங்கில் வளைய, தேக்கு வளைய மறுக்க, நடுவில் மாட்டுவது பசைதான். தேக்கில் எண்ணெய்ப் பசையும் அதிகம், அதனால் ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்க வேண்டும். பருத்தி நூலைப் பசையில் தோய்த்து அந்த ஓரத்தை நெருக்கமாகச் சுற்றிக் கட்டிய பிறகு இன்று வரை அசையவில்லை.

நாணுக்கு டாக்ரான் என்கிற பாலியெஸ்டர் நூல் போதும். நைலான் ரொம்ப நீளும், இழுத்த பலம் அதிலேயே போய்விடும். நீளவே நீளாத நவீன நூல், மர வில்லின் நுனிகளை அதிரவைக்கும். நாண் மாட்டும் பள்ளத்தை உருண்டை அரத்தால் ஓரங்களில் மட்டும் போட வேண்டும், முதுகின் குறுக்கே கோடு விழக் கூடாது. நாணேற்றினால் பிடிக்கும் நாணுக்கும் நடுவே, முட்டியை மடக்கிக் கட்டைவிரலை நீட்டிய அளவு, ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் ஆசையாக எடுத்து முதலில் செய்வதே அதைத்தான், அதனால் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

அம்பு தனிப் பாடம். இந்த வில்லில் அம்பு பிடியைச் சுற்றி வளைந்துதான் வெளியே போகிறது, எனவே தண்டின் விறைப்பு பொருந்த வேண்டும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடதுபுறமே விழுந்தால் தண்டு விறைப்பு அதிகம், வலதுபுறமே விழுந்தால் குறைவு. எடை 18 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன், ரொம்ப லேசான அம்பும் வெறும் நாண் விடுவது போலத்தான். வான்கோழி இறகு மூன்றையும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்க வேண்டும். இலக்கு, இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு. அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மண்மேடு கட்டாயம்.

அடுத்த வில்லுக்குக் கழி காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் கைப்பிடி ஒட்டப் போவதில்லை, நடுவும் சேர்ந்து மெல்ல வளையும் ஒற்றைப் பட்டையாகவே விடப்போகிறேன். நுனியை இன்னும் ஒடுக்கினால் வேகம் கூடும், கைக்கு வரும் அதிர்வும் குறையும். இழுவை மட்டும் அதே 12, 13 கிலோதான்.