டேபிள் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து: போஸ்ட்கிரெஸ் எப்படி?

ஒரு டேட்டாபேஸில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கையாளும் விதத்தில் எனக்கு அதிகம் பிடித்த டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ்தான்.

விதி ரொம்பச் சுருக்கம். டபுள் கோட்ஸ் போடாத பெயரைச் சின்ன எழுத்தாக்கிக்கொள்ளும். போட்டால் எழுதியது எழுதியபடியே இருக்கும். டேட்டாபேஸ்களின் பொது மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலை பெரிய எழுத்தாக்கச் சொல்கிறது, ஆரக்கிள் டேட்டாபேஸும் அப்படித்தான் செய்கிறது. போஸ்ட்கிரெஸ் இதில் தரநிலையை மீறுகிறது என்பது உண்மை. ஆனாலும் நாள் முழுக்க டேபிள் பட்டியல்களைப் படிக்கிற என் கண்ணுக்குச் சின்ன எழுத்துதான் இதம்.

அதைவிட முக்கியம், விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் இந்த விதி மாறாது. மைசீக்வல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அப்படியில்லை. டேபிள் பெயரைப் பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ எப்படி எழுதினாலும் விண்டோஸில் ஓடுகிற க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை), லினக்ஸ் சர்வருக்குப் போனதும், எழுத்து பொருந்தாவிட்டால், அப்படி ஒரு டேபிளே இல்லை என்று நின்றுவிடும். இதற்கான செட்டிங்கை மைசீக்வல் 8.0 பதிப்பு முதல் சர்வரை முதன்முதலில் அமைக்கும்போது மட்டுமே வைக்க முடியும்.

சரி, போஸ்ட்கிரெஸ்ஸில் தொல்லை எங்கே? டபுள் கோட்ஸில். புரோகிராமில் உள்ள பெயரை அப்படியே கோட்ஸுக்குள் வைத்து டேபிள் உருவாக்குகிற ஓஆர்எம்கள் (புரோகிராமையும் டேட்டாபேஸையும் இணைக்கும் கருவிகள்) உண்டு. அப்புறம் கையால் எழுதும் ஒவ்வொரு க்வெரியிலும் கோட்ஸ் கட்டாயம். 'கஸ்டமர்ஐடி' என்ற ஃபீல்டில் ஐ மட்டும் கேப்பிட்டல் என்று வையுங்கள். கோட்ஸ் இல்லாமல் கேட்டால் பிழை வரும். ஆனால் அதற்குக் கீழேயே, நீங்கள் தேடியது இதுவாக இருக்கலாம் என்று சரியான பெயரையும் காட்டும். அவசரத்தில் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! டேபிள் பெயர் தவறினால் இந்தக் குறிப்பு வராது. அதுவும் வர வேண்டும் என்பது என் ஆசை.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில், அண்டர்ஸ்கோர் போட்டுப் பிரித்து வையுங்கள். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் ஹைபர்னேட் என்ற ஓஆர்எம்மைப் பயன்படுத்தினால் பெயர்கள் தாமாகவே அப்படி மாறிவிடும். ஏற்கெனவே கலந்து கிடந்தால் ஆல்டர் டேபிள் என்ற கட்டளை கொடுத்துப் பெயரை மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் டேட்டாவை அது திரும்ப எழுதாது, அதனால் பெரிய டேபிளிலும் சட்டென்று முடியும். வியூக்கள் (பெயர் வைத்துச் சேமித்த க்வெரிகள்) புதுப் பெயரைத் தாமே பிடித்துக்கொள்ளும். ஃபங்ஷன்களுக்குள் வெறும் எழுத்தாகக் கிடக்கும் க்வெரிகளையும் அப்ளிகேஷன் கோடையும் மட்டும் நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும்.